கைகழுவிய நீர் எங்கே போகிறது?

விடுமுறை என்றதும் மலையையோ கடலையோ நினைப்பது நம் வழக்கம். ஆம்பூரில் வாழ்வோருக்கு ஏலகிரி அருகிலேயே இருக்கிறது. சற்று வசதி உள்ளவர்க்கு உதகையும் கொடைக்கானலும் இருக்கின்றன. ஆனால் அந்தத் தைத் திங்களில், பொங்கல் விடுமுறையை ஒட்டி, எங்கள் பங்கைச் சேர்ந்த நால்வர் மிதிவண்டிகளை எடுத்துக்கொண்டு பாலாற்றின் ஓரமாகவே கடல்வரை செல்வது என்று தீர்மானித்தோம். கேட்டவர்கள் சிரித்தார்கள். "ஆத்துல என்ன இருக்குன்னு பாக்கப் போறீங்க? மணல்கூட இல்லையே!" என்றார் சக்கரங்களுக்குக் காற்றடித்துக் கொடுத்தவர். அன்று அவருக்குச் சொல்ல எங்களிடம் விடை இல்லை. நான்காம் நாள் கடலைக் கண்டபோது எங்கள் மனத்தில் ஒரு கேள்வி நின்றது. அதையே வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

பேருந்தில் போகிறவருக்குப் பாலாறு ஒரு பாலம் மட்டுமே. ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகிறார். அடுத்த ஊரில் அது வேறோர் ஆறு போலத் தோன்றுகிறது. மிதிவண்டியில் போகிறவருக்கு அப்படியில்லை. காலையில் கண்ட ஆறே மாலையிலும் பக்கத்தில் வருகிறது. மேலே நடந்தது கீழே வந்து சேர்வதை அவர் காண்கிறார்.

கருநாடகத்தின் நந்திமலைப் பகுதியில் பிறக்கும் பாலாறு, அம்மாநிலத்தில் 93 கிலோமீட்டரும் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் ஓடி, வாணியம்பாடியை அடுத்த புல்லூர் அருகே தமிழகத்தில் நுழைகிறது. இங்கே 222 கிலோமீட்டர் பயணம் செய்து, கல்பாக்கத்தை அடுத்த வாயலூரில் கடலோடு கலக்கிறது. ஆண்டின் பல மாதங்கள் மேலே வறண்ட மணல்தான் தெரியும். நீரோட்டம் மணலுக்கு அடியில் இருக்கும். அதை அறிந்த முன்னோர், படுகையில் ஊற்றுக்கால்களைத் தோண்டி வயலுக்கு நீர் கொண்டு சென்றனர். இந்த ஆறு செய்த நன்மை கண்ணுக்கு மறைவாகவே ஓடியது. நாம் அதற்குச் செய்த தீமையும் அவ்வாறே மறைவாக ஓடியது.

முதல் நாள் பள்ளிகொண்டாவைத் தாண்டி, விரிஞ்சிபுரம் வழியாக வேலூர் சேர்ந்தோம். விரிஞ்சிபுரத்துக் கோயிலில் இறைவனுக்கு வழித்துணைநாதர் என்று பெயர். வழிப்போக்கருக்குத் துணை வருபவர் என்னும் எண்ணம் எச்சமயத்தவர்க்கும் இனியதே. வழியில் ஓர் ஊரில், தண்ணீர் கேட்ட எங்களுக்கு ஒரு முதியவர் வீட்டிலிருந்து குடத்து நீரைக் கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்திலேயே பெரிய கிணறு இருந்தது. அதைக் காட்டிக் கேட்டோம். "கெணறு இருக்குதுங்க, தண்ணியும் இருக்குது. மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிடும்" என்றார். அவர் குரலில் சினம் இல்லை. பழகிப்போன சோர்வு இருந்தது.

இந்தக் கிணற்றைப் போன்றவற்றின் வழக்குத்தான் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ வேளாண்மைக்குத் தகுதியற்றுப் போயிற்று என்னும் ஆய்வை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. மாசு செய்தவரே அதற்குரிய விலையைத் தரவேண்டும் என்னும் நெறி இந்தியச் சட்டத்தில் இத்தீர்ப்பால் வலுவாக ஊன்றியது. ஆயினும் 2025 சனவரி 30 அன்று அதே நீதிமன்றம் அதே ஆற்றுக்காக மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று. இடையில் இருபத்தெட்டு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்துவிட்டன. அதற்குள் ஒரு தலைமுறை அந்தக் கிணறுகளின் அருகே பிறந்து வளர்ந்துவிட்டது.

இவ்விடத்தில் நாம் அவசரப்பட்டு யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடக் கூடாது. எங்கள் நால்வருள் ஒருவருடைய தந்தை தோல் ஆலைத் தொழிலாளி. முப்பது ஆண்டுகள் ஊறல் தொட்டிகளின் அருகே நின்றவர். அவருடைய கூலியில்தான் மூன்று பிள்ளைகள் படித்தார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் இப்படி எத்தனையோ இல்லங்கள் உண்டு. நிலமும் சாதியும் தர மறுத்த சோற்றைத் தோல் தந்தது. அதைச் சிறுமைப்படுத்தும் உரிமை எவருக்கும் இல்லை.

தொழிலின் கதையும் எளியதன்று. முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு வாரக்கணக்கில் பதனிட்டார்கள். 1970-களில், அரைப்பதத் தோலாக அனுப்பாமல் முழுமையாக முடித்த பொருளாக ஏற்றுமதி செய்தால் நாட்டுக்கு வருவாயும் மக்களுக்கு வேலையும் பெருகும் என்று அரசு கொள்கை வகுத்தது. நோக்கம் நல்லதே. வேலையும் பெருகியது, கூடவே குரோமிய உப்பைக் கொண்டு விரைந்து பதனிடும் முறையும், அதன் கழிவும் பெருகின. அழுகாதிருக்கப் பச்சைத் தோலில் இட்ட உப்பு, முதல் ஊறலிலேயே நீரில் கரைந்து வெளியேறுகிறது. நல்ல நோக்கத்தோடு செய்த செயலும், அதன் விளைவு போகும் இடத்தைப் பார்க்க மறந்தால் தீங்காக முடியும் என்பதற்கு நம் ஊரைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இரண்டாம் நாள் ஆற்காட்டுக்கும் இராணிப்பேட்டைக்கும் இடையே ஆற்றைக் கடந்தோம். 2015 சனவரி 31 அன்று அதிகாலையில், இராணிப்பேட்டையில் ஒரு பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. பெருகி வந்த கழிவுச் சேற்றில் சிக்கி, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைக் காப்பதற்கென்று கட்டிய சுவரே அந்த ஏழைகள்மேல் விழுந்தது. அன்று மிதிவண்டியை உருட்டிக்கொண்டு சிறிது தூரம் பேசாமல் நடந்தோம்.

மூன்றாம் நாள், வாலாஜா அணைக்கட்டையும் கடல்போல் விரிந்த காவேரிப்பாக்கம் ஏரியையும் பின்னே விட்டு, பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடும் திருமுக்கூடலை அடைந்தோம். அங்குள்ள கோயிற் கல்வெட்டு வீரராசேந்திர சோழன் காலத்தது. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையை நடத்துவதற்கான ஏற்பாட்டை அது கூறுகிறது. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இந்த ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள், தாம் காணப்போகாத நோயாளிக்காகவும் கணக்கெழுதி வைத்தார்கள்.

நான்காம் நாள் பிற்பகல் வாயலூர். தடுப்பணைக்கு அப்பால் ஆறு அகன்று, மெலிந்து, மணல் திட்டுகளுக்கிடையே கடலைத் தொட்டது. மீன்கூடையோடு இருந்த ஓர் அம்மாள், எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். ஆம்பூர் என்றோம். "ஆம்பூரா? இருபத்தொண்ணுல வெள்ளம் வந்தப்ப உங்க ஊருச் செருப்பெல்லாம் ஒத்தை ஒத்தையா இங்கதான் ஒதுங்குச்சு" என்று சொல்லிச் சிரித்தார். 2021 நவம்பரில் பாலாறு நொடிக்கு ஒரு லட்சம் கனஅடியைத் தொட்ட நாள்களை அவர் சொன்னார். நாங்களும் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. இந்த அம்மாள் இருக்கிறார் என்பதை அதுவரை நாங்கள் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

மேலே உள்ளவர்களைப் பற்றி நாம் நன்றாக எண்ணுவோம். 1892-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணமும் மைசூர் அரசும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பாலாறும் இடம்பெற்றிருக்கிறது. ஆந்திரம் தடுப்பணைகளைக் கட்டியபோதும் உயர்த்தியபோதும் நாம் வீதிக்கு வந்தோம். அது நியாயமே. ஆனால் மேலே இருப்பவரிடம் நாம் கேட்கும் அதே நீதியைக் கீழே இருப்பவருக்கு நாம் வழங்கினோமா? நீர் வரவில்லை என்று புல்லூரை நோக்கிக் குரல் எழுப்பிய நாம், எத்தகைய நீரை அனுப்புகிறோம் என்று வாயலூரை நோக்கி ஒருமுறையேனும் திரும்பிப் பார்த்தோமா?

செருமானியத் தத்துவ அறிஞர் ஹான்ஸ் யோனாஸ் 1979-இல் வெளியிட்ட தம் நூலில், பழைய அறநெறிகள் பக்கத்தில் இருப்பவரையும் இன்று இருப்பவரையும் மட்டுமே கருதின என்கிறார். இன்று நம் கைகளின் ஆற்றல் தொலைவிடங்களையும் வருங்காலத்தையும் தொடுகிறது. பொறுப்பும் அதுவரை நீளவேண்டும் என்பது அவர் கருத்து. 'எனக்கு அடுத்திருப்பவர் யார்?' என்னும் கேள்விக்கு விடையாக வந்த நல்ல சமாரியர் உவமையை நாம் அறிவோம். அவர் வழியில் கிடந்தவரைக் கண்டார்; கண்டதால் இரங்கினார். கண்ணில் படாத இடத்தில் கிடப்பவருக்கு எப்படி இரங்குவது? தேடிச் சென்று காண்பது ஒன்றே வழி என்று தோன்றுகிறது.

தமிழில் ஒருவரைக் கைவிடுவதைக் 'கைகழுவுதல்' என்கிறோம். பிலாத்து நீர் கொண்டுவரச் செய்து கைகழுவினான். அவன் கை தூய்மையானதா என்று ஆயர்களும் அறிஞர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த நீர் எங்கே போயிற்று என்று நாம் கேட்கலாம். ஆலை உரிமையாளர் அரசைச் சுட்டுகிறார். அரசு ஆலையைச் சுட்டுகிறது. மலிவான காலணியை வாங்கும் நாம் இருவரையும் சுட்டுகிறோம். ஒவ்வொருவரும் கழுவிய நீர் ஒன்றாகச் சேர்ந்து ஓடுகிறது. நம் வீட்டுச் சாக்கடை சேருமிடம் எது, நம் ஊரின் கழிவு எங்கே கொட்டப்படுகிறது என்று கேட்டறிவதுகூட ஒரு தொடக்கமாகலாம். வேலையையும் காக்க வேண்டும், கிணற்றையும் காக்க வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதைத் தட்டிக்கழிப்பது அறமன்று.

ஊர் திரும்பியதும், காற்றடித்துக் கொடுத்தவர் மறக்காமல் கேட்டார்: "என்ன இருந்துச்சு ஆத்துல?"

"மனுஷங்க இருக்காங்க, அண்ணே. கடல் வரைக்கும்" என்றோம்.