பிறையை இடம் மாற்றியவன்

தலைப்பிறை பார்க்க நாங்கள் திறந்த கடல் பக்கம் போவதில்லை. அது ஊருக்குக் கிழக்கே. பிறையோ மஃரிபுக்குப் பிறகு மேற்கு வானில் சற்று நேரம் நின்று மறைவது. அதனால் உள்துறைமுகத்துப் பக்கம்தான் நிற்போம். சிறு வயதிலிருந்தே அறிந்த இந்த விடயத்தை என் முதல் விஞ்ஞானப் புனைகதையில் கோட்டைவிட்டேன். நோன்பின் கடைசி நாள் மாலை, கோணேசர் மலைக்கு அப்பால் கடலிலிருந்து ஷவ்வால் பிறை எழுவதாக எழுதி, அந்த ஒளியில் ஒரு விண்கலத்தையும் இறக்கினேன். வாசித்துக் காட்டியபோது உம்மா கேட்டார்:

"ஏன் மகன், தலைப்பிறை கிழக்கால வருமா?"

கதைதானே என்றேன். அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. கதை சொல்பவன் வானத்தை மாற்றினால் அது கற்பனையா, பொய்யா?

இதே மலையடிக் கடலில் 1956இல் மைக் வில்சனுடன் சுழியோடி, பழைய கோயிலின் இடிபாடுகளைக் கண்டவர் ஆர்தர் சி. கிளார்க். 1979இல் வெளிவந்த 'த பவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' நாவலில் அவர் பூமியிலிருந்து விண்வெளிக்கு மின்தூக்கி அமைக்கிறார். அதைத் தாங்கும் சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. இலங்கை அந்தக் கோட்டில் இல்லையே! தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தினார். நகர்த்தியதை நூலிலேயே சொல்லியும்விட்டார். வானத்தின் விதியைக் காப்பாற்றத்தான் அவர் நிலத்தை மாற்றினார். நானோ தெரியாமல் மாற்றியதைக் கற்பனை என்று சொல்லித் தப்பப் பார்த்தேன்.

வானியல் நூல்கள் கைக்கெட்டவில்லை என்பது என் வழக்கமான சாக்கு. பள்ளிவாசல் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணை வேறென்ன? சூரியன் மறையும் நேரமும், நிழலின் நீளத்தைக் கொண்டு கணிக்கும் அஸரும் அதில் நாள்வாரியாக இருக்கின்றன. துருவ நட்சத்திரம் எங்கள் ஊரில் அடிவானத்திலிருந்து எட்டரை பாகை உயரத்தில்தான் நிற்கும். நீட்டிய கையின் ஒரு முஷ்டிக்கும் குறைவு. அரபு மாலுமிகள் அந்த உயரத்தை விரற்கணக்கில் அளந்தே தாம் எவ்வளவு வடக்கே இருக்கிறோம் என்று அறிந்தார்கள். கருவி ஒரு சிறு பலகையும் முடிச்சிட்ட கயிறும்தான்.

வேறு கிரகங்களுக்குப் புத்தகம் தேவைதான். தேடியதில் ஒன்று கிடைத்தது. செவ்வாயின் துணைக்கோளான ஃபோபோஸ் எட்டு மணித்தியாலத்துக்குள் கிரகத்தைச் சுற்றிவிடுகிறது; செவ்வாய் தன்னைத்தானே சுற்றுவதைவிட வேகம். அங்கே நின்று பார்ப்பவனுக்கு அந்த நிலா மேற்கே உதித்துக் கிழக்கே மறையும். கதையை அங்கே கொண்டுபோகிறேன் என்று உம்மாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அப்ப அங்க எந்தப் பிறையப் பாத்து நோன்பு பிடிக்கிற?"

கதை அந்த இடத்தில்தான் நிற்கிறது.