மிச்ச நாளில் நடக்கும் இறுதிப் போட்டி

அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழன் நன்றி கூறும் நாள். மிச்சிகன் மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளிகளுக்கு இடையிலான அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டிகள் 2005 முதல் டெட்ராய்ட் நகரின் ஃபோர்டு ஃபீல்டு அரங்கில் நடக்கின்றன. அந்த வியாழனை அடுத்து வரும் வெள்ளியும் சனியும் அவற்றுக்குரிய நாட்கள் என்பது வழக்கமாக இருந்தது. எட்டுப் பிரிவுகள், நாளுக்கு நான்கு ஆட்டங்கள். 2023-ல் அந்த வழக்கம் உடைந்தது. மிச்சிகன் ஸ்டேட், பென் ஸ்டேட் பல்கலைக்கழக அணிகள் மோதும் ஆட்டம், தேசியத் தொலைக்காட்சியின் இரவு ஒளிபரப்பாக அந்த வெள்ளிக்கிழமையன்று அதே அரங்குக்கு வந்து சேர்ந்தது. பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டங்கள் சனிக்கும் ஞாயிறுக்கும் தள்ளப்பட்டன. எந்த விதியும் மீறப்படவில்லை, எந்த ஒப்பந்தமும் முறிக்கப்படவில்லை, யார் மீதும் வழக்கில்லை. மனத்தை உறுத்துவதும் அதுதான். எல்லாமே முறைப்படி நடந்தும், பதினேழு வயதுப் பிள்ளைகளின் வாழ்நாள் ஆட்டம் பெரியவர்களின் வியாபாரம் விட்டுவைத்த மிச்ச நாளில் போய் உட்கார்ந்தது. பள்ளி விளையாட்டின் இறுதிப் போட்டிக்கு நாளும் இடமும் குறிப்பவர்கள் முதலில் கணக்கிட வேண்டியது மாணவரின் படிப்பு, உறக்கம், பயணம், வழிபாடு ஆகியவற்றை. அரங்கின் வசதி அதற்குப் பிறகுதான் வரவேண்டும். இந்த வரிசையைப் புரட்டிப் போடுவது அநீதி.

நாளையும் இடத்தையும் வெறும் நிர்வாக விவரம் என்று நம் முன்னோர் எண்ணவில்லை. திருக்குறளின் பொருட்பாலில் காலமறிதல் என்று ஓர் அதிகாரம், அதை ஒட்டியே இடனறிதல் என்று இன்னோர் அதிகாரம். பத்தும் பத்துமாக இருபது குறள்களை வள்ளுவர் இதற்கே ஒதுக்கியிருக்கிறார். பகலில் காகம் ஆந்தையை வெல்லும் என்கிறார். ஆழ்நீரில் பிறவற்றை வெல்லும் முதலை, நீரை விட்டு வெளியே வந்தால் பிறவற்றிடம் தோற்கும் என்கிறார். பலம் என்பது ஆளிடம் மட்டும் இல்லை, வேளையும் நிலமும் அதில் பங்கு வைத்திருக்கின்றன என்பதே இரண்டு அதிகாரங்களுக்கும் அடிப்படை. வள்ளுவர் அதை வெல்ல நினைக்கும் அரசனுக்குச் சொன்னார். போட்டியை நடத்துபவன் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டிய பாடம் அது. வேளையும் நிலமும் வெற்றி தோல்வியில் கைவைக்கும் என்றால், அவற்றைக் குறிக்கும் கை நடுவு நிலைமை என்னும் அதிகாரத்துக்குள்ளும் வந்துவிடுகிறது. துலாக்கோலைப் போல ஒரு பக்கம் சாயாதிருப்பதே சான்றோர்க்கு அழகு என்று அங்கே சொல்லப்பட்டிருப்பது நீதிபதிக்கு மட்டும் சொன்னதில்லை. போட்டி அட்டவணை போடும் குழுவுக்கும் அது பொருந்தும்.

மிச்சிகனாவது விடுமுறை வாரத்தில் நடத்துகிறது. ஜார்ஜியாவின் நிலை இன்னும் கவலைக்குரியது. அந்த மாநிலத்தின் இறுதிப் போட்டிகள் 2017, 2018 ஆண்டுகளில் அட்லாண்டாவின் மெர்சிடிஸ்-பென்ஸ் அரங்கில் நடந்தன. 2019-ல் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மைதானத்துக்கு மாறின. 2023-ல் மீண்டும் பெரிய அரங்குக்கே திரும்பின. திரும்பியபோது கிடைத்த நாட்கள் டிசம்பர் 11, 12, 13. திங்கள், செவ்வாய், புதன். வார இறுதியில் அந்த அரங்குக்கு வேறு வேலை இருக்கும். வாரத்தின் நடுவில்தான் காலியாகக் கிடக்கும். டிசம்பர் நடுப்பகுதி என்பது பல பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரம். ஜார்ஜியாவின் தெற்கு எல்லையில், ஃபுளோரிடாவை ஒட்டி, வால்டோஸ்டா என்று ஒரு நகரம் இருக்கிறது. இந்த விளையாட்டே அந்த ஊரின் மூச்சு. அங்கிருந்து அட்லாண்டா சுமார் 370 கிலோமீட்டர். அப்படி ஓர் ஊரின் பள்ளி இரவு ஆட்டத்தில் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். காலையிலேயே வகுப்பைக் கைவிட்டு பஸ் ஏற வேண்டும். அணி மட்டும் போவதில்லை; டிரம்மும் டியூபாவும் தூக்கிக்கொண்டு பேண்டு வாத்தியக் குழு போகும், சியர்லீடர் பெண்கள் போவார்கள், தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கும் சின்ன வகுப்புப் பையன்கள் போவார்கள். ஆட்டம் முடிந்து, கோப்பை வாங்கி, படம் எடுத்து, கவசங்களை மூட்டைகட்டிக் கிளம்பும்போது இரவு பதினொன்றைத் தாண்டிவிடும். நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரம். பள்ளி வாசலில் பஸ் நிற்கும்போது விடியற்காலை மூன்று மணி. அன்று காலை எட்டு மணிக்கு அவர்களில் சிலருக்குக் கணக்குப் பரீட்சை. தோற்றாலும் பஸ் இதே தூரத்தைத்தான் கடக்க வேண்டும். பெற்றோர் நிலை வேறு. அமெரிக்காவில் மணிக்கூலிக்கு வேலை பார்ப்பவர் செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்தால் அன்றைய சம்பளம் போய்விடும். மகன் ஆடும் கடைசி ஆட்டமா, வாடகைக்கு வேண்டிய கூலியா என்று ஒரு தாயைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் அட்டவணையை எந்த அறநூல் ஏற்கும்?

மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே, அவரையே நோக்கமாகக் கருது என்று 1785-ல் வெளியான நூலில் இம்மானுவேல் காண்ட் வகுத்தார். பள்ளி விளையாட்டில் இந்த விதி இருமடங்கு வலிமை பெறுகிறது. தொழில்முறை வீரன் சம்பளம் வாங்குகிறான். அவனுக்குச் சங்கம் உண்டு, ஒப்பந்தம் உண்டு, வழக்கறிஞர் உண்டு. திங்கட்கிழமை ஆடச் சொன்னால் அதற்கு விலை பேசலாம். பள்ளி மாணவனுக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பும் நடைமுறையில் கிடையாது. நான்கு ஆண்டு உழைத்துவிட்டு இறுதிப் போட்டியை மறுப்பவன் எவன்? மறுக்க முடியாதவரிடம் கேட்டு வாங்கும் சம்மதத்தைச் சம்மதம் என்று எண்ணிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. எதிர்த்துப் பேச முடியாதவரின் நலனைப் பேச வல்லவர்தான் காக்க வேண்டும். ஆராய்ச்சி மணியை அடித்த பசுவுக்காகத் தன் மகன் மேல் தேர் ஏற்றிய சோழனின் கதையைப் பெரியபுராணம் சொல்வது இதற்காகத்தான்.

இடத்துக்கு வருவோம். ஒரே மாநிலம் என்ற சொல் தூரத்தை மறைத்துவிடுகிறது. மிச்சிகன் நீரால் இரண்டாகப் பிளந்த நிலம். மேல் தீபகற்பத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் அயர்ன்வுட் நகரிலிருந்து டெட்ராய்ட் சுமார் 950 கிலோமீட்டர். அதே தீபகற்பத்தில் உள்ள இஷ்பெமிங், இரும்புச் சுரங்கத் தொழிலால் வளர்ந்த சிறு நகரம். அதன் பள்ளி 2012-ல் மாநிலப் பட்டம் வென்றது. அதற்காக அந்தப் பிள்ளைகள் மக்கினாக் பாலத்தைத் தாண்டி 700 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே வர வேண்டியிருந்தது. டெக்சாஸில் எல் பாசோவிலிருந்து இறுதிப் போட்டிகள் நடக்கும் ஆர்லிங்டனுக்குச் சுமார் 1000 கிலோமீட்டர். அந்த ஆர்லிங்டன் அரங்கில் 80,000 பேர் உட்காரலாம். அங்கேதான், புதன்கிழமையில், ஆறு பேர் கொண்ட அணிகளின் இறுதிப் போட்டியும் நடத்தப்படுவதுண்டு. ஆறு பேர் ஆட்டம் என்பது அதிகபட்சம் நூற்றுச் சொச்சம் மாணவர் மட்டுமே படிக்கும் கிராமப் பள்ளிகளின் ஆட்டம். இரண்டு கிராமங்களும் முழுதாகக் கதவடைத்துவிட்டு வந்தாலும் அரங்கின் ஒரு மூலைகூட நிறையாது. மக்கள் தொகை மிகுந்த பெருநகரின் பள்ளிக்கு அரை மணி நேரப் பயணம், எல்லையோரப் பள்ளிக்கு ஒரு நாள் பயணம் என்று ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நடத்திக்கொண்டே போனால், அது பொதுவிடம் என்ற பெயரை எவ்வளவு காலம் தாங்கும்? ஓஹியோவின் இறுதிப் போட்டிகள் கான்டன், மாசிலன் என்ற பக்கத்துப் பக்கத்து ஊர்களில் நடந்தன; 2014 முதல் 2016 வரை மாநிலத்தின் நடுவே உள்ள கொலம்பஸில் நடந்தன; 2017-ல் கான்டனுக்கே திரும்பின. தென்மேற்கு மூலையில் உள்ள சின்சினாட்டிக்காரர்களுக்கு அது மாநிலத்தைக் குறுக்கே கடக்கும் வேலை. 2019-ல் கான்டனிலேயே மாசிலன் அணியைச் சின்சினாட்டிப் பள்ளி ஒன்று தோற்கடித்தது உண்மை. முதலை ஒருமுறை தண்ணீரிலேயே தோற்றதால் ஆழ்நீர் சமநிலம் ஆகிவிடாது.

நாள் குறிப்பதில் இன்னொரு கூறும் உண்டு. அது வழிபாடு. இது கூடைப்பந்தில் வெடித்தாலும் கேள்வி ஒன்றுதான். 2012-ல் டெக்சாஸ் தனியார் பள்ளிகளின் சங்கம், ஹூஸ்டனைச் சேர்ந்த பெரன் அகாடமி என்ற யூதப் பள்ளியின் அரையிறுதியை வெள்ளி இரவில் வைத்தது. வெள்ளி சூரியன் மறைந்தால் யூதரின் ஓய்வுநாள் தொடங்கிவிடும். மாற்ற முடியாது என்றார்கள். பெற்றோரும் மாணவரும் வழக்குப் போட்டபின் ஆட்டம் வெள்ளி பகலுக்கு மாறியது. 2022-ல் அலபாமாவின் ஹண்ட்ஸ்வில்லில் உள்ள ஓக்வுட் அட்வென்டிஸ்ட் அகாடமிக்குச் சனிக்கிழமை பிற்பகலில் அரையிறுதி. சனி அவர்களுக்கு ஓய்வுநாள். நேரத்தை மாற்றிக்கொள்ள வேறு அணிகள் சம்மதித்தும் அந்த மாநிலத்தின் விளையாட்டுச் சங்கம் இறங்கி வரவில்லை. மாணவர்கள் ஆடாமலே வெளியேறினார்கள். ஆளுநர் கே ஐவி விளக்கம் கேட்டார். பின்னர் சங்கம் தன் விதியைத் திருத்தியது. இரண்டு இடத்திலும் முதலில் வந்த பதில் ஒன்றே: எல்லாருக்கும் ஒரே விதி. அரிஸ்டாட்டில் நிக்கோமாகிய அறவியலின் ஐந்தாம் நூலில் இதற்கு விடை சொல்லியிருக்கிறார். பொதுவிதி எல்லா நிலைமையையும் முன்கூட்டியே காண முடியாது. அது பிசகும் இடத்தில் அதைத் திருத்துவதும் நீதியின் வேலைதான். லெஸ்பாஸ் தீவின் கட்டடக்காரர்கள் கல்லின் வடிவுக்கேற்ப வளையும் ஈய அளவுகோலை வைத்திருந்ததை அவர் எடுத்துக்காட்டுகிறார். சில மணி நேரம் முன்னே பின்னே நகர்த்தினால் தீரும் சிக்கலுக்காகப் பிள்ளைகளைக் கடவுளுக்கும் கோப்பைக்கும் நடுவே நிறுத்துவது எந்த விதிக்கும் தகுதியான கடுமை ஆகாது. மிச்சிகனில் ஞாயிறு ஆட்டம் வைத்தபோது, ஞாயிறு காலை தேவாலயம் போகும் குடும்பங்கள் எத்தனை என்பதும் இதே துலாக்கோலில் ஏறியிருக்க வேண்டும்.

வருமானம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். டிக்கெட் பணமும் ஒளிபரப்பு உரிமையும் கூட்டம் சேராத பிற விளையாட்டுகளைத் தாங்குகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் கேள்வி. பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் சொன்ன அறிவுரை புறநானூற்றின் 184-ஆம் பாட்டில் இருக்கிறது. ஒரு மாவுக்கும் குறைந்த நிலத்து நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் ஆகும். அதே யானை தானே புகுந்து மேய்ந்தால் நூறு வயலும் போதாது, வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம் என்கிறார் புலவர். செவ்வாய்க்கிழமை இரவில் விற்ற டிக்கெட்டை எண்ணுபவர்கள், மிதிபட்ட வகுப்பையும் தூக்கத்தையும் கூலியையும் எந்தப் பேரேட்டிலும் எழுதுவதில்லை. பெரிய அரங்கில் தொழில்முறை வீரர்கள் ஓடிய புல்தரையில் தானும் ஓடினோம் என்ற மகிழ்ச்சி பிள்ளைகளுக்குக் கிடைக்கிறதே என்பது இன்னொரு வாதம். அந்த மகிழ்ச்சி உண்மையானதுதான். சனிக்கிழமை பகலில் அது கிடைக்குமானால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

பெரிய அரங்கை விட்டால் பட்டத்தின் மதிப்பு போய்விடும் என்ற அச்சத்துக்கும் அடிப்படை இல்லை. 2017 டிசம்பரில் அட்லாண்டாவில் பனி கொட்டியது. அதனால் தள்ளிப்போன சில இறுதிப் போட்டிகளை அடுத்த வாரம் பள்ளி மைதானங்களிலேயே நடத்தினார்கள். அங்கே வென்ற பட்டத்தை யாரும் குறைத்து மதிப்பிடவில்லை. டெக்சாஸில் இறுதிக்கு முந்திய சுற்றுகளுக்கு இடம் குறிப்பது இரண்டு பயிற்சியாளர்களின் பொறுப்பு. இருவருக்கும் நடுவழியில் ஒரு மைதானத்துக்கு ஒத்துக்கொள்வார்கள்; ஒத்துவராவிட்டால் காசு சுண்டுவார்கள். லட்சக்கணக்கில் செலவழித்துத் திட்டமிடும் சங்கங்களைவிட அந்த வழக்கத்தில் நியாயம் கூடுதலாக இருக்கிறது. இரு தரப்பும் பேசுகின்றன, இருவரின் தூரமும் கணக்கில் வருகிறது. 2005-ல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸின் சூப்பர்டோம் அரங்கைச் சிதைத்தபோது லூசியானாவின் இறுதிப் போட்டிகள் மாநிலத்தின் மறுகோடியான ஷ்ரீவ்போர்ட்டுக்குப் போயின. இயற்கை கட்டாயப்படுத்தினால் இடத்தை மாற்ற முடிகிறது. மாணவர் நலன் கேட்டால் மட்டும் ஏன் முடியாது? மிச்சிகனே இதற்கு நல்ல சான்றும் தருகிறது. எட்டுப் பேர் அணிகளின் இறுதிப் போட்டியை அந்த மாநிலத்தின் பள்ளி விளையாட்டுச் சங்கம் 2017 முதல் மேல் தீபகற்பத்தின் மார்க்வெட் நகரில் நடத்துகிறது. அந்த நாளில் நீண்ட பயணம் தெற்கத்திப் பள்ளிகளுக்கு.

இந்தச் சங்கங்கள் யாருடையவை என்பதை மறந்துவிடக் கூடாது. மாநில விளையாட்டுச் சங்கங்கள் பெரும்பாலும் பள்ளிகளே உறுப்பினராகச் சேர்ந்து அமைத்துக்கொண்டவை. வாக்களிப்பவர்கள் தலைமையாசிரியர்களும் விளையாட்டுப் பொறுப்பாளர்களும். மாணவன் வகுப்புக்கு வராவிட்டால் வீட்டுக்குக் கடிதம் அனுப்புகிறவர்கள் அவர்கள்தான். அரங்க ஒப்பந்தம் மறுபடி மேசைக்கு வரும்போது அவர்கள் செய்ய வேண்டியது கடினமானதில்லை: பள்ளி நாளில் இறுதிப் போட்டி இல்லை, ஓய்வுநாள் அனுசரிக்கும் பள்ளி கேட்டால் நேரம் மாற்றித் தரப்படும், ஒருமுறை குறித்த நாளை வேறு நிகழ்ச்சிக்காகப் பறிக்க முடியாது என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் அரங்கில் கையெழுத்துப் போடாதீர்கள்.