பிறர் குரலில் பாடுவோர்

கலையுலகில் நகலுக்கு மதிப்பில்லை என்பது பொதுவான எண்ணம். ஆனால் மேலைநாட்டு ராக் இசையில் இவ்வெண்ணத்திற்கு மாறான ஒரு வழக்கம் கடந்த நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வேரூன்றி வளர்ந்து வந்துள்ளது. புகழ்பெற்ற ஓர் இசைக்குழுவின் பாடல்களை மட்டுமே, அக்குழுவினரின் உடையிலும் முடியலங்காரத்திலும் குரலிலும் பாடிக் காட்டுவதற்கென்றே வேறு குழுக்கள் தோன்றியுள்ளன. இவற்றை ஆங்கிலத்தில் 'டிரிபியூட் பேண்ட்' என்பர். நாம் அஞ்சலிக் குழுக்கள் எனலாம். பலருடைய பாடல்களையும் கலந்து வேடமின்றிப் பாடுவோர் 'கவர் பேண்ட்' எனப்படுவர். திருவிழா மேடைகளில் திரைப்பாடல்களைப் பாடும் மெல்லிசைக் குழுக்களை அறிந்த நமக்கு இவர்கள் புதியவர் அல்லர். முதல் வகையினரே நம்மைச் சிந்திக்க வைக்கின்றனர்.

மேடையில் நிற்பவர் 'அவர்' அல்லர் என்பதை அரங்கில் இருக்கும் அனைவரும் அறிவர். அறிந்தும் கட்டணம் செலுத்தி வருகின்றனர், உடன் பாடுகின்றனர், மனம் நிறைந்து வீடு திரும்புகின்றனர். அம்மகிழ்ச்சி மெய்யானதா, வெறும் மயக்கமா? பிறர் குரலில் பாடியே வாழ்நாளைக் கழிக்கும் ஒருவர் தமக்கென வழங்கப்பட்ட வாழ்வை வீணாக்குகின்றாரா? இவ்வினாக்கள் இசையோடு நின்றுவிடுவன அல்ல. கிறிஸ்துவைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நம்மையும் இவை தொடுகின்றன.

இன்மையில் பிறந்தவை

இங்கிலாந்து நாட்டுப் பீட்டில்ஸ் குழுவினர் தம் கடைசிக் கட்டண இசையரங்கை 1966 ஆகஸ்டு 29 அன்று அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் நிகழ்த்தினர். ரசிகர்களின் கூச்சலில் தங்கள் இசை தங்களுக்கே கேளாத நிலை அன்று இருந்தது. 1970இல் அவர்கள் பிரிந்தனர். 1980 டிசம்பர் 8 அன்று ஜான் லெனன் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். நால்வரும் மீண்டும் ஒன்றாக மேடையேறுவர் என்ற நம்பிக்கை அன்றோடு முடிந்தது. அதே 1980இல்தான், பீட்டில்ஸ் பற்றிய மேடை நாடகம் ஒன்றில் நடித்தவர்கள் சேர்ந்து 'பூட்லெக் பீட்டில்ஸ்' என்ற அஞ்சலிக் குழுவைத் தொடங்கினர். நாற்பது ஆண்டுகளைக் கடந்து நிலைத்த குழு அது. மூலக்குழுவினர் 1966க்குப் பின் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவாக்கி, எந்த இசையரங்கிலும் பாடாதுவிட்ட பாடல்கள் பல. அவற்றை மக்கள் இத்தகைய குழுக்களிடமிருந்தும் நேரில் கேட்டனர்.

மரணமும் பிரிவும் போலவே தொலைவும் இக்குழுக்களைப் பெற்றெடுத்தது. பெரும் புகழ் பெற்ற குழுக்கள் ஆஸ்திரேலியாவுக்கு அரிதாகவே சென்றன. அந்நாட்டின் அடிலெய்டு நகரில் 1988இல் பிங்க் ஃபிளாய்டு குழுவுக்கு ஓர் அஞ்சலிக் குழு உருவாயிற்று. அதே ஆண்டில் மெல்போர்ன் நகரில், சுவீடன் நாட்டு ஆபா குழுவுக்கு 'பியோர்ன் அகெய்ன்' என்ற குழு எழுந்தது. அடிலெய்டு குழுவினரின் திறமையை மெச்சி, பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் 1996இல் தம் ஐம்பதாம் பிறந்தநாள் விருந்துக்கு அவர்களையே பாட அழைத்தார்.

அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஜெரி கார்சியா 1995இல் மறைந்தார். ஈராண்டுகளுக்குப் பின் சிகாகோ நகரில் தோன்றிய 'டார்க் ஸ்டார் ஆர்க்கெஸ்ட்ரா' ஒரு புதுமையைச் செய்தது. மூலக்குழு பல்லாண்டுகளுக்கு முன் ஏதோ ஓர் இரவில் பாடிய பாடல்களை, அதே வரிசையில் பாடி முடித்து, அது எந்த நாளில் எந்த ஊரில் நிகழ்ந்தது என்பதை இறுதியில் அறிவித்தனர். அந்த இரவில் அங்கிருந்தோர் உண்டு. அன்று பிறவாதோரும் உண்டு. இருசாராரும் ஒரே அரங்கில் அந்த இரவைப் பகிர்ந்துகொண்டனர்.

போலியா, மெய்யா?

மெய்யியலார் இதனை எவ்வாறு நோக்குவர்? பிளேட்டோ தம் 'குடியரசு' நூலின் பத்தாம் பகுதியில் போலச் செய்யும் கலையை ஐயுற்றார். அது உண்மையிலிருந்து மும்மடி விலகியது என்றார். அவருடைய மாணவர் அரிஸ்டாட்டிலோ, போலச் செய்தல் மனிதனுக்கு இயல்பு என்றும், குழந்தைப் பருவம் முதல் அதனாலேயே மனிதன் கற்கிறான் என்றும், கண்டதை அடையாளம் காண்பதில் அவனுக்கு இன்பம் உண்டென்றும் கூறினார். ராக் இசையின் வரலாறு அரிஸ்டாட்டிலுக்கே சான்று பகர்கின்றது. பீட்டில்ஸ் குழுவினர் 1963இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் இருந்த 14 பாடல்களுள் 6 பிறருடையவை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் பாடல்களைப் பாடியே தொடங்கினர்; தம் பெயரையும் மட்டி வாட்டர்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரின் பாடலிலிருந்தே எடுத்துக்கொண்டனர். இன்று நாம் மூலம் என்று போற்றுபவர்களும் ஒரு காலத்தில் பிறர் குரலில் பாடியவர்களே.

புனித அகுஸ்தினார் இன்னும் ஒருபடி ஆழமாகச் செல்கிறார். திருமுழுக்குப் பெறுவதற்கு முந்திய குளிர்காலத்தில், தம் அறிவோடு தாமே உரையாடுவதாக அவர் எழுதிய நூல் ஒன்று உண்டு. அதில் உரோமை நடிகர் ரோசியுஸை எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். டிராய் நாட்டு அரசி எக்குபாவாக ரோசியுஸ் மேடையில் தோன்றியபோது, அவர் பொய்யான எக்குபா. ஆனால் இயல்பால் மெய்யான மனிதர். அந்தப் பொய்யான எக்குபாவாக நின்றதனாலேயே மெய்யான நடிகர். பொய்மை என்பது ஏமாற்ற விரும்பும் உள்ளத்தில் இருக்கின்றது. தோற்றத்தின் ஒப்புமையில் இல்லை என்பதே அவருடைய சிந்தனையின் சாரம்.

அஞ்சலிக் குழுவினர் யாரையும் ஏமாற்றுவதில்லை. 'நாங்கள் அவர்கள் அல்லர்' என்பதைச் சுவரொட்டியிலேயே அச்சிட்டுவிடுகின்றனர். பாடலை இயற்றியவருக்குரிய உரிமைத் தொகையும், உரிமம் பெற்ற அரங்குகளின் வழியே அவரைச் சேர்கின்றது. எனவே இங்கே உண்மைக்கோ நீதிக்கோ ஊறு நேர்ந்ததாக நமக்குத் தோன்றவில்லை. ஆயினும் பொய் இல்லை என்பதனாலேயே ஒரு செயல் நன்மை ஆகிவிடாது. அதன் நன்மையை வேறிடத்தில் தேட வேண்டும். அது மக்களின் உள்ளத்திலேயே கிடைக்கின்றது.

எதை நாடி வருகின்றனர்?

ஒப்புமை மட்டுமே வேண்டுமெனில் இசைத்தட்டு போதும். அதனினும் சிறந்த ஒப்புமை வேறில்லை. 2022 மே 27 அன்று இலண்டனில் தொடங்கிய ஆபா நிகழ்ச்சி அந்த ஒப்புமைக்கு உடலும் தந்தது. நால்வரின் இளமைத் தோற்றத்தைக் கணினியால் உருவாக்கி, பதிவு செய்த குரல்களோடு ஒளித்திரையில் ஆடவிட்டனர். மக்கள் திரளாகச் சென்று மகிழ்ந்தனர். ஆனால் அதன் அமைப்பாளர்களும் உயிருள்ள இசைக்கலைஞர் சிலரை அதே மேடையில் நிறுத்தி வாசிக்கச் செய்தனர் என்பது கருதத்தக்கது. மனிதர் முன்னிலையில் மனிதர் வேண்டும்.

ஒளித்திரை உருவம் ஒருநாளும் பிழை செய்யாது, அதற்குத் தொண்டை கட்டாது, வியர்க்காது. அதனாலேயே நம் பாட்டுக்கு அது மறுமொழி தரவும் இயலாது. அஞ்சலிக் குழுவின் பாடகர் உச்சக் குரலை எட்டும்போது தவறவும் கூடும். அவர் எட்டுவாரா என்று அரங்கம் மூச்சடக்கிக் காத்திருக்கிறது. எட்டும்போது, எல்லாருக்கும் பொதுவான ஒரு செல்வம் இன்னும் தொலைந்துபோகவில்லை என்ற ஆறுதல் பிறக்கிறது. தாம் காதலித்த காலத்துப் பாடலை ஒரு தந்தை தம் மகளோடு சேர்ந்து பாடுகிறார். அவருக்கு அது நினைவு. அவளுக்கு அது உரிமைப்பேறு. மக்கள் நாடி வருவது, அன்புக்குரிய ஒன்று கைம்மாறி உயிரோடு தொடர்வதைத் தம் கண்ணால் காணவே என்று நாம் கருதுகிறோம்.

திருச்சபை இதற்கு மரபு என்று பெயர் சூட்டியுள்ளது. மரபைக் குறிக்கும் இலத்தீன் சொல்லுக்குக் கையளித்தல் என்பதே பொருள். இஸ்ரயேல் மக்கள் பாஸ்கா இரவில் தம் பிள்ளைகளுக்கு விடுதலையின் கதையைச் சொல்லும்போது, தாமே எகிப்தினின்று வெளியேறியதாக எண்ணிச் சொல்கின்றனர். நினைவு அங்கே வெறும் பழங்கதையாக இருப்பதில்லை. ராக் இசையரங்கை நற்கருணைக்கு ஒப்பாக்க நாம் துணியவில்லை. இரண்டிற்கும் உள்ள தொலைவு விண்ணுக்கும் மண்ணுக்கும் உள்ள தொலைவே. ஆனால் மனிதனின் நெஞ்சு ஒன்றே. அருளின் நினைவை ஏற்கும் அதே நெஞ்சுதான் பாடலின் நினைவையும் ஏற்கின்றது.

இருவர் கதை

இனி, பாடுபவரின் பக்கத்தை நோக்குவோம். பிறர் குரலில் பாடியே ஓர் ஆயுளைக் கழிப்பதற்கு விலை உண்டு. அதனை இருவர் வாழ்வு காட்டுகின்றது.

அமெரிக்கப் பாடகர் டிம் ஓவன்ஸ், இங்கிலாந்தின் ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவுக்கு அஞ்சலிக் குழு ஒன்றில் பாடிவந்தார். அவர் பாடிய ஒளிப்பதிவைக் கண்ட மூலக்குழுவினர், விலகிச் சென்ற தம் பாடகர் ராப் ஹால்ஃபோர்டின் இடத்தில் 1996இல் அவரையே அமர்த்தினர். எந்த ரசிகனும் கனவில் மட்டுமே காணக்கூடிய பேறு! ஆனால் 2003இல் ஹால்ஃபோர்டு திரும்பி வந்தார், ஓவன்ஸ் விலகினார். அந்த இருக்கை ஒருவேளை தொடக்கமுதலே மற்றொருவருக்காகக் காத்திருந்தது போலும். ஒப்புமையால் பெற்ற இடம், மூலவர் வந்ததும் காலியாயிற்று.

மற்றவர் பிலிப்பைன்ஸ் நாட்டு ஆர்னெல் பினேடா. பதின்மூன்று வயதில் தாயை இழந்து, மணிலா நகரத் தெருக்களில் உறங்கி வளர்ந்தவர். மணிலாவிலும் ஹாங்காங்கிலும் பல்லாண்டுகள் பிறர் பாடல்களைப் பாடிப் பிழைத்தவர். 2007இல் அவர் பாடிய காட்சிகளை இணையத்தில் கண்ட அமெரிக்க ஜர்னி குழுவினர், அவரைத் தம் பாடகராக ஏற்றனர். ஸ்டீவ் பெரி என்ற பெரும்பாடகர் நின்ற இடம் அது. 2017இல் அக்குழுவுக்கு ராக் இசையின் மதிப்புறு மன்றத்தில் இடமளித்துப் பாராட்டியபோது பெரியும் வந்திருந்தார். அன்று அவர் பாடவில்லை; தம் இடத்தில் நின்று ஒவ்வோர் இரவும் நெஞ்சுருகப் பாடிவரும் பினேடாவைப் பெயர் சொல்லிப் புகழ்ந்து நன்றி கூறினார். மூலவரின் வாயால் வாழ்த்துப் பெற்ற வழித்தோன்றல் அவர்.

இந்த இருவருள் எவரையும் உயர்த்தித் தாழ்த்துவது நம் நோக்கம் அன்று. மற்றொருவரின் சாயலில் மட்டுமே தன்னைத் தேடுபவருக்குத் தனக்கென ஓர் இடம் உறுதியில்லை என்பதை முதற்கதை உணர்த்துகிறது. சாயலையும் கடந்து, கிடைத்த பாடலுக்குத் தன் பசியையும் கண்ணீரையும் ஈந்தவர் அப்பாடலின் பிள்ளையாகவே ஆகிவிடுகிறார் என்பதை இரண்டாம் கதை உணர்த்துகிறது.

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. மேகாலயாவின் ஷில்லாங் நகரில் லூ மஜா என்ற இசைக்கலைஞர் 1972 முதல் மே 24 அன்று பாப் டிலனின் பிறந்தநாளை இசைவிழாவாகக் கொண்டாடத் தொடங்கினார். டிலனைப்போல் அவர் வேடம் புனைந்ததில்லை. தமக்கே உரிய நீண்ட நரைமுடியோடும் அரைக்காற்சட்டையோடும், தம் மலைநாட்டுக் குரலிலேயே பாடினார். டிலனுக்கு 2016இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது உலகம் வியந்தது. ஷில்லாங் மக்களுக்கோ அது பல்லாண்டுகளாகத் தெரிந்த செய்தி.

போலச் செய்தலும் பின்செல்லுதலும்

பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதும்போது, தாம் கிறிஸ்துவைப்போல் நடப்பதுபோல அவர்களும் தம்மைப்போல் நடக்குமாறு துணிந்து கேட்கிறார். அப்படியெனில் கிறிஸ்தவ வாழ்வும் ஒருவகையில் பிறர் குரலில் பாடுதலே. ஆனால் புனிதர்களின் வரிசையை நோக்குங்கள். அசிசி நகர்ப் பிரான்சிஸ் கிறிஸ்துவின் காயங்களையே தம் உடலில் தாங்கியவர். லிசியே நகர்த் தெரேசா மடத்துச் சுவர்களுக்குள் வாழ்ந்து மறைந்தவர். சவேரியார் கடல் கடந்து நம் முத்துக்குளித்துறை வரை நடந்தவர். மூவரும் ஒருவரையே பின்சென்றனர்; மூவருள் எவரும் மற்றவரின் நகல் ஆகவில்லை. மேலோட்டமாகப் போலச் செய்வோர் எல்லாரும் ஒருவரையொருவர் ஒத்திருப்பர். உள்ளார்ந்து பின்செல்வோர் ஒவ்வொருவரும் தாமாகவே மலர்வர்.

பலிபீடத்தில் நிற்கும் அருட்பணியாளர்களாகிய நமக்கும் இதில் பாடம் உண்டு. அப்பத்தின்மீதும் இரசத்தின்மீதும் நாம் சொல்லும் சொற்கள் நம்முடையவை அல்ல. அவற்றைச் சொல்ல நாம் இயேசுவின் தாடியையோ அங்கியையோ புனைவதில்லை. குரலை மட்டும் அவருக்குக் கடனாகத் தருகிறோம். மக்களின் கண்கள் நம்மிலேயே நின்றுவிடுமாயின் நாம் தோற்றோம். நம்மைக் கடந்து அவரைக் காணுமாயின் பணி நிறைவேறிற்று. தாம் மெசியா அல்லர் என்று ஒளிவின்றி அறிக்கையிட்ட திருமுழுக்கு யோவானே இப்பணிக்கு முன்மாதிரி.

இல்லறத்தில் வாழும் பெற்றோர்க்கும் இது பொருந்தும். தாத்தா பாட்டியர் சொன்ன செபங்களை, அவர்கள் சொன்ன அதே இராகத்தில், அதே வேகத்தில் நாம் சொல்லி முடிக்கிறோம். ஒப்புமை குறைவின்றி இருக்கிறது. ஆனால் அச்செபமாலை மணிகளை உருட்டிய விரல்களுக்குள் இருந்த கவலையும் நம்பிக்கையும் நம்மிடம் உள்ளனவா? நம் பிள்ளைகள் அதனை நுட்பமாகக் கவனிக்கின்றனர். உதடு மட்டும் பாடும் பாடலை அவர்கள் நம்மிடமிருந்து பெற்றுக்கொள்ள மாட்டார்கள். ஓர் அந்நிய நாட்டு மேடையில், தன்னுடையதல்லாத பாடலை நெஞ்சுருகப் பாடும் ஓர் எளிய மனிதரைக் காண நேர்ந்தால், நம் வீட்டு மாலைச் செபத்தை ஒருகணம் எண்ணிப் பார்ப்போம்.