விடுவதற்காகப் பிடிக்கப்படும் மீன்

வட அமெரிக்காவின் பேரேரிகளிலும் செயின்ட் லாரன்ஸ் ஆற்றிலும் மிசிசிப்பியின் மேல்பகுதியிலும் வாழும் மஸ்கலஞ்ச் என்ற வேட்டை மீனைத் தூண்டில்காரர்கள் மஸ்கி என்று சுருக்கி அழைக்கிறார்கள். நான்கடிக்கு மேல் வளரக்கூடியது. வாய் நிறைய ஊசிப் பற்கள். நல்ல ஏரியிலும் ஏக்கருக்கு ஒரு பெரிய மீன் இருந்தால் அதிகம். பத்தாயிரம் முறை வீசினால் ஒன்று சிக்கும் என்பது அதைத் தேடி அலைபவர்களின் சொலவடை. இவ்வளவு பாடுபட்டுப் பிடிக்கும் மீனை அவர்களில் பெரும்பாலோர் இன்று உண்பதில்லை. அளந்து பார்த்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு, மீண்டும் தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள். 1966இல் மினசோட்டாவில் தொடங்கிய மஸ்கீஸ் இன்க் என்ற சங்கம் இந்தப் பழக்கத்தைப் பரப்பியது. அந்த மாநிலத்தின் பெரும்பாலான ஏரிகளில் 54 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியை வைத்துக்கொள்ள இப்போது சட்டமே இடம் தருவதில்லை.

உணவுக்காக மீன் பிடிப்பவரைப் பார்த்து அறநூல்கள் கேட்கும் கேள்வி பழையது: ஓர் உயிரைக் கொன்று தின்னலாமா? மஸ்கித் தூண்டில்காரரிடம் அந்தக் கேள்வி செல்லாது. அவர் கொல்லவும் இல்லை, தின்னவும் இல்லை. மீதி இருப்பவை இரண்டு: ஒரு வஞ்சனை, ஒரு காயம். விட்டுவிடுவதால் இவ்விரண்டும் கழிந்துவிடுமா? கழியாது என்றால் எவ்வளவு மிஞ்சும்? இதற்கான விடை மீன் கையைவிட்டு நழுவும் நொடியில் இருப்பதாகத் தூண்டில்காரர்கள் நம்ப விரும்புகிறார்கள். உண்மையில் அதில் பெரும்பங்கு, படகு கரையை விட்டுக் கிளம்புமுன் எந்த இரையை எந்த முள்ளோடு பெட்டியில் எடுத்துவைத்தார்கள் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது.

மஸ்கிக்கு வீசும் மென்மையான செயற்கை இரையை ரப்பர் இரை என்று பேச்சில் சொன்னாலும், அது பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக். நெகிழ்ச்சி தரும் எண்ணெய்ப் பொருளைக் கலந்து, சூடாக்கி, அச்சில் ஊற்றி ஆறவைக்கிறார்கள். புல்டாக் என்ற பெயரில் விற்கும் இரையும் அதன் பாணியில் வந்தவையும் மஸ்கி பிடிப்பவர்களிடையே பெயர் பெற்றவை: தடித்த தலை, அதனுள் ஈயம், பின்னால் சுருண்டு நீளும் வால். சிறியவற்றில் தொடங்கி, ஏறத்தாழ ஒரு பவுண்டு எடையுள்ளவை வரை உண்டு. உடலுக்குள் ஓடும் கம்பியிலிருந்து மும்முனை முட்கள் தொங்கும். தேர்வில் முதலில் பார்ப்பது மூழ்கும் வேகம். நீர்ப்பாசிக்கு மேலே இழுக்க வேண்டுமானால் ஈயம் குறைந்தது, ஆழமான விளிம்புகளுக்குக் கனமானது. வேகமாக ஓர் இழுப்பு, பிறகு ஒரு நிறுத்தம். நிறுத்தத்தில் இரை தலை கவிழ்ந்து வால் துடிக்க இறங்கும். மஸ்கி பாய்வது பல நேரம் அப்போதுதான். கலங்கிய நீரில் அகன்ற தடித்த வால் வேண்டும். மீனின் விலாவில் ஓடும் புலன்கோடு நீரின் அதிர்வை உணரக்கூடியது, கண்ணுக்குத் தெரியாததை அது காட்டிக்கொடுக்கும். தெளிந்த ஏரியில் வெள்ளியும் வெள்ளையும், தேநீர் நிறத்து நீரில் கறுப்பும் ஆரஞ்சும், இரவில் கறுப்பு. குளிர்ந்த வசந்தத்தில் சிறியது, மெதுவாக. இலையுதிர் காலத்தில், மீன் கொழுக்கத் தின்னும்போது, பெரியது.

இந்த விதிகளை ஒரு மெய்யியலாளர் படித்தால் அவர் கண்ணில் முதலில் படுவது, இவை அத்தனையும் மீனின் பக்கத்தில் நின்று சொல்லப்பட்டவை என்பதுதான். மீனுக்கு எது தெரியும், எது கேட்கும், எப்போது பசிக்கும், எப்போது சோர்வு, எது பலவீனமான இரையாகப் படும் என்று யோசிக்கும் மனம், இன்னொரு உயிரின் உள்ளே புகுந்து பார்க்கும் மனம். கருணைக்கும் இதே அறிவுதான் தேவை. ஒருவருடைய வலி எங்கே என்று தெரிந்தவருக்கே அங்கே தடவிக்கொடுக்கவும் முடியும், அழுத்தவும் முடியும். தூண்டில்காரர் மஸ்கியை நேசிப்பதாகச் சொன்னால் அது வேடம் இல்லை. ஆனால் அந்த நேசம் முள்ளோடு வருகிறது.

வஞ்சனைக் குற்றச்சாட்டு கேட்பதற்குக் கடுமையாக இருந்தாலும் ஆராய்ந்தால் வலுக்குறைந்தது. புனித அகஸ்டின் பொய்யை ஆராய்ந்தபோது, மனத்தில் ஒன்று இருக்க, ஏமாற்றும் நோக்கத்தோடு வேறொன்றைச் சொல்வதே பொய் என்று வரையறுத்தார். பேச்சு இல்லாத இடத்தில் அந்த இலக்கணம் பொருந்தாது. மஸ்கிக்கும் மனிதருக்கும் இடையே எந்த உடன்பாடும் இல்லை. அது முறிபடவும் வழியில்லை. தவிர, அந்த நீரே வஞ்சனையால் வாழும் உலகம். மஸ்கி பாசிக்குள் அசையாமல் மரக்கட்டைபோல் கிடந்து இரையைப் பிடிக்கிறது. மிசிசிப்பிப் படுகையிலுள்ள லாம்ப்சிலிஸ் இனச் சிப்பிகள் இன்னும் ஒரு படி மேல். பெண் சிப்பி தன் மேலுறைச் சதையைச் சிறு மீனின் வடிவில், கண்போன்ற புள்ளியும் வாலுமாக வளர்த்து, நீரில் அலையவிடும். ஏமாந்து கடிக்க வரும் பாஸ் மீனின் செவுளில் தன் குஞ்சுகளைப் பீய்ச்சி ஒட்டவைக்கும். தொழிற்சாலைகளுக்கு வெகுகாலம் முன்பே இயற்கை செய்த மென் இரை அது. ஆனால் சிப்பிக்கு வேறு வழியில்லை. வால் தடித்ததா மெல்லியதா என்று கடையில் நின்று தேர்ந்தெடுக்கும் மனிதருக்கு உண்டு. குறள் வாய்மை அதிகாரத்தில் பொய்க்கும் ஓர் இடம் தருகிறது, குற்றமற்ற நன்மை விளைந்தால். தூண்டில்காரர் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. நன்மை முழுவதும் ஒரு பக்கத்துக்கே போகிறது.

கனமான குற்றச்சாட்டு வலிதான். 2003இல் லின் ஸ்னெடனும் உடன் ஆய்வாளர்களும் ரெயின்போ டிரவுட் மீன்களின் உதட்டில் தேனீ நஞ்சையும் அசிட்டிக் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். மீன்கள் உடலை ஆட்டின, உதட்டைத் தொட்டியின் கூழாங்கற்களில் தேய்த்தன, உணவுக்குத் திரும்ப நெடுநேரம் எடுத்துக்கொண்டன. காயத்தை உணரும் நரம்புமுனைகள் டிரவுட்டின் முகத்தில் இருப்பதும் உறுதியானது. மனித மூளையில் வலியுணர்வுக்குக் காரணமான புறணி மீனுக்கு இல்லை, ஆகவே அது எதிர்வினை மட்டுமே, வேதனை இல்லை என்று பிரையன் கீ போன்ற ஆய்வாளர்கள் மறுக்கிறார்கள். இந்த வழக்கு முடியவில்லை. ஆனால் முடியாத வழக்கில் ஐயத்தின் பலனை யாருக்குக் கொடுப்பது என்பதும் அறக்கேள்விதான். ஒருவர் தவறாக இரக்கப்பட்டால் இழப்பது ஒரு பொழுதுபோக்கின் கொஞ்சம் சௌகரியம். தவறாக இரக்கப்படாவிட்டால் இழப்பு மீனுடையது. இரண்டும் சம எடை இல்லை.

இரைத் தேர்வு அறத்தோடு நேராக மோதும் இடம் இதுவே, அங்கே ஓர் எதிர்பாராத முடிவு காத்திருக்கிறது. மஸ்கிக்கு உயிருள்ள சக்கர் மீனையும் இரையாக வைப்பதுண்டு. பழைய முறையில் அதன் மூக்கில் ஒற்றை முள்ளைக் கோத்து, மஸ்கி முழுவதும் விழுங்கும்வரை காத்திருப்பார்கள். முள் வயிற்றில் குத்தும். தூண்டில் நரம்பை அறுத்து மீனை விட்டுவிடுவார்கள். மீன் நீந்திப் போகும், பார்ப்பவருக்கு நிம்மதி. விஸ்கான்சினில் இப்படிப் பிடித்து விட்ட மஸ்கிகளை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தபோது அவற்றில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் மடிந்தது தெரிந்தது. இழுத்துக்கொண்டே இருக்கும் செயற்கை இரையைக் கடிக்கும் மஸ்கிக்கு அதை விழுங்க நேரமில்லை, முள் வாயிலோ தாடையிலோ மாட்டும். பொய் இரையால் வரும் கேடு மெய் இரையால் வரும் கேட்டைவிடச் சிறியது; இரையாகும் சக்கரும் தப்புகிறது.

பொய் இரைகளுக்குள்ளும் வேற்றுமை உண்டு. மூன்று மும்முனை முட்கள் என்றால் ஒன்பது கூர்முனைகள். ஒன்று வாயில் மாட்டினால் மற்றொன்று கண்ணிலோ செவுளிலோ பாயலாம், வலையிலும் சிக்கலாம். இரண்டு முட்களோடு நிறுத்தும் இரை, சுணையை இடுக்கியால் நசுக்கிய முள், எளிதாகக் கழற்றி மாற்றக்கூடிய வளையம் ஆகியவை கடையில் நிற்கும்போதே எடுக்கக்கூடிய முடிவுகள். அவற்றின் பயன் படகோரத்தில் தெரியும். ஆழமான பெரிய வலைக்குள், நீரைவிட்டு எடுக்காமலே மீன் கிடக்கிறது. வாயோரத்தில் ரப்பர் வால் கிழிந்து தொங்குகிறது. முள் ஆழமாக இறங்கியிருந்தால் அதைப் பிடுங்கிப் போராடுவதில்லை; முள்வெட்டியை உள்ளே நீட்டி மூன்று முனைகளையும் ஒவ்வொன்றாகத் துண்டித்துவிட்டால் இரை தானே கழன்று வருகிறது. புதுமுள் வாங்க ஆகும் காசு சொற்பம். பிறகு இரண்டு கைகளாலும் கிடைமட்டமாகத் தாங்கி ஒரு படம், உடனே நீருக்குள். வாலைப் பிடித்தபடி அது தானாக உதறிக்கொண்டு போகும்வரை காத்திருத்தல். முள்வெட்டி இல்லாமல் மஸ்கித் தூண்டில் போடுபவர் விடுவதைப் பற்றிப் பேசத் தகுதியில்லாதவர் என்று அனுபவசாலிகள் சொல்வது நியாயமே.

இவ்வளவும் செய்த பிறகும் முதல் கேள்வி தீரவில்லை. சீன மெய்யியல் நூலான லியேட்சுவில் ஒரு கதை வருகிறது. புத்தாண்டன்று புறாக்களை விடுவிப்பது ஒரு பிரபுவின் வழக்கம். கொண்டுவந்து கொடுப்பவர்களுக்குப் பரிசும் தருவார். விருந்தாளி ஒருவர் சொல்கிறார்: நீங்கள் விடுவீர்கள் என்று தெரிந்தே மக்கள் போட்டி போட்டுப் பிடிக்கிறார்கள், அதில் பல சாகின்றன, உயிர் பிழைக்க வேண்டுமென்று விரும்பினால் பிடிப்பதைத் தடைசெய்யுங்கள். பிரபு ஒப்புக்கொள்கிறார். சீன பௌத்தத்தில் உயிர் விடுவித்தல் இன்றும் புண்ணியச் செயல். பக்தர்கள் விடுவதற்காகவே வியாபாரிகள் மீனும் பறவையும் பிடித்து விற்பது அதன் நிழலாகத் தொடர்கிறது. கட்டியதும் தானே, அவிழ்த்ததும் தானே என்றால் அவிழ்த்ததற்குப் புண்ணியம் எங்கிருந்து வரும்?

ஐரோப்பாவில் இதே தருக்கம் சட்டமாயிற்று. விடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதைச் சுவிட்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு ஆணை தடைசெய்கிறது. ஜெர்மனியில் விலங்குக்குத் துன்பம் தர நியாயமான காரணம் வேண்டும். உணவு அப்படியொரு காரணம், விளையாட்டைக் காரணமாக ஏற்பது கடினம். அமெரிக்காவில் அறம் என்று போற்றப்படுவது அங்கே குற்றத்துக்கு அருகில் நிற்கிறது. அலாஸ்காவின் யூபிக் மக்களும், பிடித்த மீனை விடுவது உணவோடு விளையாடுவது, தன்னைக் கொடுக்க வந்த உயிரை அவமதிப்பது என்று சொல்லி வந்திருக்கிறார்கள். மஸ்கியின் சொந்த மண்ணான வட விஸ்கான்சினில் இந்த மோதல் தெருவுக்கே வந்தது. 1837, 1842ஆம் ஆண்டு ஒப்பந்தங்களில் ஓஜிப்வே பழங்குடி மக்கள் வைத்துக்கொண்ட மீன்பிடி உரிமையை 1983இல் நீதிமன்றம் உறுதிசெய்தது. அவர்கள் வசந்தகால இரவுகளில் விளக்கொளியில் ஈட்டியால் வால்ஐ (walleye) என்ற மீனையும் மஸ்கியையும் குத்தி எடுத்தார்கள், எண்ணிக்கை வரம்புக்குள், உணவுக்காக. 1980களின் பிற்பகுதியில் படகுத்துறைகளில் கூட்டம் கூடி அவர்களைத் தூற்றியது. மீன்வளத்தின் மீதான அக்கறை என்று அது சொல்லிக்கொண்டாலும், இனவெறுப்பு அதில் வெளிப்படையாகவே இருந்தது. ஒரே மீனைப் பசிக்காகக் கொல்பவரும் ஆசைக்காகக் காயப்படுத்துபவரும் எதிரெதிரே நின்றபோது கூட்டத்தின் கண்ணுக்கு முன்னவரே குற்றவாளியாகத் தெரிந்தார்.

தூண்டில்காரரின் தரப்பிலும் ஒரு வலுவான வாதம் உண்டு, அதை ஒதுக்க முடியாது. மஸ்கிக்காக நிதி திரட்டுவதும், குஞ்சு விடுவதும், வாழிடத்தைக் காக்க வாதாடுவதும் பெரும்பாலும் அதைப் பிடிப்பவர்களே. அவர்கள் விலகினால் பல ஏரிகளில் அந்த மீன் இருக்கவே இராது. ஆனால் இந்த வாதம் மீன் இனத்துக்குச் செய்யும் நன்மையைக் காட்டி, முள்ளில் துடிக்கும் ஒரு மீனின் கணக்கை மூடப் பார்க்கிறது. இனம் வலி உணர்வதில்லை. ஆகவே வாதம் பிடிப்பதை அனுமதிக்கலாம், கவனக்குறைவை அனுமதிக்காது. நீரின் வெப்பம் 27 டிகிரி செல்சியஸை எட்டும் கோடை நாள்களில் போராடிக் களைத்த மஸ்கி விட்டபின்னும் சாகும் வாய்ப்பு அதிகம் என்பதால், பொறுப்புள்ளவர்கள் அந்த வாரங்களில் மஸ்கியைத் தேடிப் போவதில்லை. பெட்டியில் எவ்வளவு நல்ல இரை இருந்தாலும் அப்போது சரியான தேர்வு எதுவும் இல்லை.

கடைசியாக ஒரு கணக்கு, மீன் சிக்காத நாள்களுக்கும் சேர்த்து. மென் இரை கிழியும். மஸ்கியின் பற்களே வாலைக் கடித்துத் துண்டாக்கும். சிக்கனக்காரர்கள் கிழிந்த இடத்தைச் சூட்டுக்கோலால் உருக்கி ஒட்டி மறுபடி பயன்படுத்துகிறார்கள். ஒட்டாத துண்டு ஏரியின் அடியில் கிடக்கும், மக்காது, அங்கே இன்னும் இரையைப் போலவே தோன்றும். டிரவுட் மீன்கள் இப்படிப்பட்ட துண்டுகளை விழுங்குவதும் உடல் நலிவதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன. 2013இல் மெய்ன் மாநிலச் சட்டமன்றத்துக்கு ரப்பர் இரைகளைத் தடைசெய்யும் ஒரு மசோதா வந்தது. தூண்டில்காரர்கள் எதிர்த்தார்கள், தடை நிறைவேறவில்லை, விஷயம் மாநில மீன்வளத் துறையின் ஆய்வுக்குப் போனது. சட்டம் ஒதுங்கிய இடத்தில் பொறுப்பு வாங்குபவரிடமே தங்குகிறது: எளிதில் கிழியாத கலவை, கம்பியோடு இறுகப் பிணைந்த உடல், கிழிந்ததைப் போட்டுக் கரைக்குக் கொண்டுவரப் படகில் ஒரு பை.