வலித்தவர் மீது போட்ட பழி

வயிற்றில் புண் என்று டாக்டர் சொன்னதும் நம் வீடுகளில் எழும் கேள்விகள் எல்லாமே நோயாளியைப் பற்றியவை. வேளாவேளைக்குச் சாப்பிடவில்லையா? காரம் அதிகமா? எதையாவது மனசுக்குள்ளேயே போட்டுப் புழுங்குகிறாயா? கேட்பவர்கள் அன்பால்தான் கேட்கிறார்கள். ஆனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பவர், இந்த வலியை நானேதான் தேடிக்கொண்டேன் போலிருக்கிறது என்று நம்பத் தொடங்கிவிடுகிறார்.

வீட்டாரைக் குறை சொல்ல முடியாது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் மருத்துவ உலகமே அப்படித்தான் நம்பியிருந்தது. கவலையும் பரபரப்பும் அமிலத்தைக் கூட்டுகின்றன, அமிலம் புண்ணாக்குகிறது என்றார்கள். பால் உணவைக் கொடுத்தார்கள். இரைப்பைக்குப் போகும் நரம்பை வெட்டினார்கள். இரைப்பையிலேயே ஒரு பகுதியை அறுத்தெடுத்தார்கள். 1970களில் வந்த, அமிலத்தைக் குறைக்கும் சிமெடிடின் மாத்திரையில் புண் ஆறியது. மாத்திரையை நிறுத்தினால் பலருக்குத் திரும்பி வந்தது. ஏன் திரும்புகிறது என்று மேலும் தோண்ட வேண்டிய அவசரம் யாருக்கும் வரவில்லை. கவலை என்ற விடைதான் கையில் இருந்ததே.

இரைப்பையில் சுருள் வடிவக் கிருமிகள் உண்டு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே சிலர் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் 1954இல் அமெரிக்க மருத்துவர் எடி பால்மர், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் இரைப்பைத் திசுவைச் சோதித்துவிட்டு, அப்படி எதுவும் இல்லை என்று எழுதினார். அவர் பயன்படுத்திய சாயத்தில் அந்தக் கிருமி எளிதில் தெரியாது. அந்த ஆய்வுக்குப் பிறகு கால் நூற்றாண்டு காலம் அந்தப் பக்கம் அநேகமாக எவரும் திரும்பவில்லை.

1979இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்கூறு மருத்துவர், ஒரு நோயாளியின் இரைப்பைத் துணுக்கில் வளைந்த பாக்டீரியாக்கள் அப்பிக்கிடப்பதைக் கண்டார். வெள்ளிச் சாயம் ஏற்றியபோது அவை பளிச்சென்று தெரிந்தன. அமிலக் கடலில் எந்தக் கிருமியும் வாழாது என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் புத்தகத்தை விட்டுத் தன் கண்ணை நம்பினார். 1981இல் இளம் மருத்துவர் பேரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். 1982 ஈஸ்டர் விடுமுறையில், வழக்கமாக இரண்டே நாளில் தூக்கிப்போடும் வளர்ப்புத் தட்டு ஐந்து நாள் அப்படியே இருந்துவிட்டது. அதில்தான் கிருமி முதன்முதலாக வளர்ந்து நின்றது. அப்போதும் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி வந்தது. எண்டோஸ்கோப்பி பார்த்தபோது இரைப்பை அழன்று போயிருந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர் பெற்ற இந்தக் கிருமி, யூரியேஸ் என்ற நொதியால் யூரியாவை அம்மோனியாவாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது. பிறகு திருகாணிபோல் சளிப்படலத்துக்குள் துளைத்துப் போய்த் தங்கிவிடுகிறது. உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வயிற்றில் இது இருக்கிறது. இந்தியாவில் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் இருக்கிறது. பெரும்பாலும் சிறுவயதில், குடும்பத்துக்குள்ளேயே, நெருக்கடியான வீடுகளிலும் நல்ல குடிநீரும் கழிப்பறையும் இல்லாத இடங்களிலும் தொற்றுகிறது. ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த 5,300 ஆண்டுப் பழைய மனித உடலின் வயிற்றிலும் இது இருந்தது. இத்தனை பேரிடம், இத்தனை காலமாக இருந்தும் கண்ணில் படவில்லை. எல்லோரிடமும் இருப்பதை நாம் இயல்பு என்று எடுத்துக்கொண்டுவிடுகிறோம்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கிருமி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதும் ஒரு தொல்லையும் வராது. நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்குப் புண் வரலாம்; ஒருவர் முதல் மூவர் வரை இரைப்பைப் புற்றுநோய்க்கு ஆளாகலாம். பல பத்தாண்டுக் கால அழற்சியில் சுரப்பிகள் மெலிந்து, திசு தன் குணம் மாறி, அந்தப் பாதையின் கடைசியில் புற்று பிறக்கிறது. உப்பில் ஊறிய உணவும் புகைப்பழக்கமும் அதற்குத் துணை போகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே இந்தக் கிருமியைப் புற்று உண்டாக்கும் காரணி என்று அறிவித்தது. சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களுக்கு வரும் புற்றுகளில் இரைப்பைப் புற்று நெடுங்காலமாக முன்வரிசையில் இருக்கிறது. இரைப்பையில் வரும் மால்ட் லிம்போமா என்ற அரிய புற்று, பலருக்கு, இந்தக் கிருமியை ஒழிக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையிலேயே கரைந்துபோகிறது. இதை முதலில் படித்தபோது என்னால் நம்பவே முடியவில்லை.

காரணம் தெரியாத நோய்க்கு நோயாளியின் குணத்திலேயே காரணம் கண்டுபிடிப்பது மனிதரின் நெடுநாள் வழக்கம். தொழுநோயைப் பாவம் என்றோம், வலிப்பைப் பேய் என்றோம், வயிற்றுப்புண்ணைக் கவலை என்றோம். தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தால் தேடியிருப்போம். தெரியும் என்று நினைத்ததால்தான் எத்தனையோ பேர் இரைப்பையைப் பாதி இழந்தார்கள். எல்லாப் புண்ணுக்கும் இந்தக் கிருமிதான் காரணம் என்பதும் இல்லை. மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரைகளும் புண்ணாக்கும். அதையும் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே, வாரக்கணக்கில் வயிறு எரிந்தால் கடையில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக் காலம் தள்ளாதீர்கள். மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ போதும், கிருமி இருப்பது தெரிந்துவிடும். எடை குறைந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, குடும்பத்தில் யாருக்காவது இரைப்பைப் புற்று வந்திருந்தாலோ தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். ஆன்டிபயாடிக்கை நீங்களாக வாங்கித் தின்னாதீர்கள். டாக்டர் கொடுத்தால், வலி நின்றுவிட்டது என்று நடுவில் நிறுத்தாதீர்கள். அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று இன்னொரு முறை சோதித்துக்கொள்ளுங்கள்.