காரணிகன்

முசிறியில் ஐஸ் என்பது சர்பத் கடைச் சமாச்சாரம். அதன்மேல் ஆடுகிறவர்களுக்கு மார்க் போடுவது பற்றி இங்கிருந்து எழுதுவது வேடிக்கையாகப் படலாம். ஆனால் அங்கே நடந்த தகராறு நமக்குப் பழக்கமானதுதான்.

2002-ல் ஸால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஜோடி ஸ்கேட்டிங். ஒன்பது நடுவர்களில் ஐந்து பேர் ருஷ்ய ஜோடிக்கும் நான்கு பேர் கனடா ஜோடிக்கும் முதலிடம் தந்தார்கள். தம்மை நிர்ப்பந்தித்தார்கள் என்று பிரெஞ்சு நடுவர் சொன்னார், பிறகு மறுத்தார். கடைசியில் இரு ஜோடிக்கும் தங்கம். பழைய ஆறு மார்க் முறை போய், 2004-ல் புதிய முறை வந்தது. ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் ஓர் அடிப்படை மதிப்பு. நடுவர்கள் அதன்மேல் கூட்டலாம், குறைக்கலாம். உச்சமும் அடியும் கழித்துச் சராசரி. எந்த மார்க் யார் போட்டது என்பதையும் மறைத்துவிட்டார்கள். 2016-ல்தான் அந்தத் திரையை விலக்கினார்கள். நிர்ப்பந்தத்திலிருந்து நடுவரைக் காக்கிற ஏற்பாடாம். பதில் சொல்லும் பொறுப்பிலிருந்தும் அது காத்தது.

கூட்டல் என் பிழைப்பு. சாயங்காலம் கையிருப்பில் பத்து ரூபாய் உதைத்தால் வீட்டுக்குப் போக முடியாது. ஆகவே தெரியும்: கூட்டல் சரியாயிருப்பது வேறு, போட்ட எண் சரியாயிருப்பது வேறு.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பள்ளியில் நாட்டியப் போட்டிக்கு என்னை நடுவராக அழைத்தார்கள். பி.ஏ. இங்கிலீஷ் படித்தவன், ஏதோ எழுதுகிறவன் என்பதுதான் தகுதி. தாளம், முத்திரை, பாவம், உடை, தலா இருபத்தைந்து. ஒரு பெண் ஆடும்போது பென்சிலை மறந்து உட்கார்ந்திருந்தேன். ஆடி முடித்த பிறகு கட்டங்களை நிரப்பினேன். இரவல் உடை, தொளதொளவென்று, பன்னிரண்டு போட்டேன். மூன்று மார்க்கில் இரண்டாமிடம் போனாள். முதலில் வந்த பெண்ணின் உடை மடிப்பு மட்டும் இன்று ஞாபகமிருக்கிறது.

இறையனார் அகப்பொருள் உரையில் ஒரு கதை. அறுபது சூத்திரங்களுக்குச் சங்கப் புலவர்கள் ஆளுக்கோர் உரை கண்டார்கள். எது மெய்யுரை என்று தீர்க்கக் காரணிகனாக உட்கார வைத்தது உருத்திரசன்மனை. ஐந்து வயது, ஊமை. மருதன் இளநாகனார் உரைக்கு அங்கங்கே கண்ணீர் விட்டான். நக்கீரர் உரைக்குச் சொல்லுக்குச் சொல் அழுது மெய்சிலிர்த்தான். கட்டமில்லை, சராசரியில்லை. அவனை யாரும் நிர்ப்பந்திக்கவும் முடியாது.

நம் விமர்சகர்களுக்கு இந்தக் கதை இனிக்கும். எனக்கு ஒரு சங்கடம். தீர்ப்பைச் சொல்வது வென்ற உரையேதான். தோற்றவர்களின் உரை நம் கையில் இல்லை. வென்ற உரையை வழிவழியாகக் கேட்டு வந்தவர்களில் கடைசிப் பெயர் முசிறியாசிரியர் நீலகண்டனார். எந்த முசிறி என்ற வழக்கில் நான் நடுவனாக முடியாது, ஊர்ப்பற்று உண்டு. பையனிடம் காரணம் கேட்க வழியில்லை. அவன் அழுதது உரைக்கா, படித்தவரின் குரலுக்கா?

எனக்கு வாய் இருந்தது. பென்சிலை மறந்துவிட்டேன் என்று பக்கத்திலிருந்த இரு நடுவர்களிடமும் சொல்லியிருக்கலாம். அதற்கு எந்தக் கட்டம் என்று கேட்டிருப்பார்கள்.