சேமிப்பா, பதுக்கலா?

ஒரு வீட்டில் ஒரு மாதத்திற்கு வேண்டிய இறைச்சியும் மீனும் இருப்பது குற்றமாகுமா? இப்படிக் கேட்டால் நம் அன்பர்களில் பெரும்பாலோர் நகைப்பர். சொந்தப் பணத்தில், ஆகுமான முறையில் வாங்கி, தம் பிள்ளைகளுக்காக வைத்திருப்பதில் குற்றமென்ன என்பர். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். 2020-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள் காலை வரை என்று திட்டமாகவே சொல்லலாம்.

அதற்கு முதல்நாள் இரவு பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, கோவிட் தொற்றின் காரணமாக 18-ஆம் நாள் முதல் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வருமென்று அறிவித்தார். மறுநாள் விடிந்ததும் நாம் கடைக்குப் புறப்பட்டோம். நம் வீட்டில் ஐஸ்பெட்டி போக, மேல்மூடி திறக்கும் பிரீசர் ஒன்றும் உண்டு. பெருநாள் காலத்துக்கு இறைச்சி வைப்பதற்காகச் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கியது. அன்று அது பாதிக்கு மேல் காலியாக இருந்தது. காலியான பெட்டி ஒன்று வீட்டில் இருந்துவிட்டால் அது மனிதனைச் சும்மா இருக்க விடுவதில்லை. பன்னிரண்டு கோழி, ஐந்து கிலோ ஆட்டிறைச்சி, கெம்போங் மீனில் கைக்கு அகப்பட்டதெல்லாம் என்று தள்ளுவண்டியை நிரப்பினோம்.

பணம் கட்டும் வரிசையில் நமக்குப் பின்னால் ஒரு முதியவர் நின்றார். கையில் ஒரு ரொட்டியும் பத்து முட்டையும். அவர் நம் வண்டியைப் பார்த்துவிட்டு, "கோழி எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டார். நாம் கையைக் காட்டினோம். போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்து மறுபடியும் வரிசையின் கடைசியில் நின்றார். நம் வண்டியிலிருந்து ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்திருக்கலாமே என்பது, வீட்டுக்கு வந்து கோழிகளைக் கழுவித் துண்டு போட்டுப் பைகளில் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் நமக்குத் தோன்றிற்று. அதுவும் ஒன்பதாவது கோழியின்போது.

நம் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அது இலேசான நியாயமன்று. வெளியே போவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் அரசாங்கம் அந்நாட்களில் ஓயாமல் கேட்டுக்கொண்டது. பின்னர், குடும்பத் தலைவர் ஒருவர் மட்டுமே, வீட்டிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் போய் வரலாம் என்ற விதியும் வந்தது. நாள்தோறும் மார்க்கெட்டுக்குப் போகிறவன் நாள்தோறும் மீன்காரருக்கும், காசு வாங்கும் பெண்ணுக்கும், பின்னால் நிற்கும் பெரியவருக்கும் ஆபத்தைக் கொண்டுபோகக் கூடியவன். இரு வாரத்துக்கு ஒருமுறை போகிறவன் அதைப் பல மடங்கு குறைக்கிறான். ஆக, பிரீசரை நிரப்பி வைத்திருப்பது அயலாருக்குச் செய்யும் உபகாரம் என்றுகூட வாதாடலாம். நாமும் நம் வீட்டில் அப்படி வாதாடினோம். மறுத்துப் பேச யாருமில்லை.

ஆனால் கணக்கு வேறு விதமாக வருகிறது. ஒரு கடையை நம்பி நூறு வீடுகள் இருக்கின்றன என்றும், வீட்டுக்கு ஒன்றாக நாளொன்றுக்கு நூறு கோழி விற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரே காலையில் ஒவ்வொரு வீட்டாரும் ஒரு வாரத்துக்கென்று ஏழு கோழி வாங்க வந்தால், முதலில் வந்த பதினான்கு வீட்டார் தொண்ணூற்றெட்டைக் கொண்டுபோய் விடுவர். பதினைந்தாவது வீட்டுக்கு மீதி இரண்டு. எஞ்சிய எண்பத்தைந்து வீட்டாருக்கு ஒன்றுமில்லை. நாட்டில் கோழிக்குப் பஞ்சமா? இல்லை. மறுநாள் இன்னொரு நூறு வரத்தான் போகிறது. அதே மார்ச் மாதத்தில் கேமரன் மலை விவசாயிகள், பறித்த காய்கறிகளை அனுப்பி விற்க வழியில்லாமல் கொட்டித் தீர்த்தார்கள். விளைந்த இடத்தில் பொருள் அழுகிற்று. விற்கும் இடத்தில் தட்டு காலியாயிருந்தது. பஞ்சம் பொருளில் இல்லை, நம் அவசரத்தில் இருந்தது.

அந்தப் பதினான்கு வீட்டாரில் யாருக்கும் பதுக்கல்காரன் என்ற பெயர் பொருந்தாது என்பதும் உண்மை. விலையேறட்டும் என்று உணவுப் பொருளை முடக்கி வைப்பதைத்தான் நம் மார்க்கச் சட்ட நூல்கள் பதுக்கல் என்று கண்டிக்கின்றன. நாம் எதையும் விற்க நினைக்கவில்லை, தின்னத்தான் நினைத்தோம். ஆனால் வெறுங்கையோடு திரும்பி வந்த முதியவருக்கு இந்த வித்தியாசத்தால் ஏதும் லாபம் உண்டா?

பழைய காலத்துச் சமையற்கட்டை நினைத்துப் பார்க்கிறோம். நம் உம்மா காலத்தில் ஐஸ்பெட்டி கிடையாது. கருவாடு இருந்தது, ஊறுகாய் இருந்தது, உப்புக்கண்டம் இருந்தது. மற்றபடி அன்று ஆக்கியது அன்றே முடிய வேண்டும். ஆணம் மிஞ்சினால் இரவுக்குள் ஒரு கிண்ணம் இந்தப் பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் அந்தப் பக்கத்து வீட்டுக்கும் போகும். அந்தக் கிண்ணங்கள் வெறுமையாகத் திரும்பி வருவது மரியாதையில்லை என்பதால் அவற்றில் வேறு ஏதாவது வரும். அந்தக் கால மக்களின் பெருந்தன்மையைப் பற்றி நம் கூட்டங்களில் எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறோம். கேட்கும்போதெல்லாம் ஒரு சந்தேகமும் கூடவே எழும்: அந்தப் பெருந்தன்மையில் பாதி இந்த நாட்டின் வெயில் செய்த வேலையல்லவா? கொடுக்காவிட்டால் விடியுமுன் ஊசிப்போகும். பிரீசர் வந்து அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. இப்போது மிஞ்சியதைக் கொடுக்க வேண்டுமானால், கொடுக்க வேண்டும் என்று நாமே எண்ணினால்தான் உண்டு. இயந்திரம் நம்மைக் கெடுத்துவிட்டது என்று சொல்ல நமக்கு மனமில்லை. நம்மிடம் முன்பே எவ்வளவு இருந்தது என்பதைக் காட்டிவிட்டது என்பதே பொருத்தம்.

உணவைச் சேர்த்து வைப்பதை நம் மார்க்கம் வெறுக்கவில்லை. யூசுஃப் நபி (அலை) அவர்கள் செழிப்பான ஏழாண்டுகளின் தானியத்தைக் கதிரிலேயே விட்டு வைக்கச் சொன்ன வரலாறு எல்லோரும் அறிந்தது. அதில் இரண்டு விஷயங்களை நாம் சாதாரணமாகக் கவனிப்பதில்லை. சேர்த்தது மலிவான காலத்தில்; சேர்த்தது ஊருக்காக. நாம் சேர்த்ததோ முட்டுப்பாடான ஒரு காலையில், நம் ஒருவீட்டுக்காக.

இதைவிட நெருக்கமாக நம்மைத் தொடுவது குர்பானி இறைச்சியைப் பற்றிய செய்தி. ஓர் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அறுத்த இறைச்சியை மூன்று நாளைக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று தடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டும் அப்படித்தானா என்று தோழர்கள் கேட்டபோது, இல்லை, உண்ணலாம், தர்மம் செய்யலாம், சேமித்தும் வைக்கலாம் என்று அனுமதித்தார்கள். முந்திய ஆண்டு தடுத்ததற்குக் காரணம், வறிய பாலைவன மக்கள் கூட்டமாக மதீனாவுக்கு வந்திருந்ததுதான் என்றும் விளக்கினார்கள். அதே இறைச்சிதான், அதே வீடுதான். ஓராண்டு வைக்கக் கூடாதது மறு ஆண்டு வைக்கக் கூடியதாயிற்று. மாறியது பெட்டிக்குள் இருந்ததன்று, ஊருக்குள் இருந்தவர்கள்.

இந்த அளவுகோலைக் கொண்டு நம் ஊரடங்கு நாட்களை அளக்கப் போனால் ஒரு சிக்கல் வருகிறது. மதீனாவில் வறியவர்கள் கண்முன் வந்து நின்றார்கள். ஊரடங்கில் யாரும் யார் கண்முன்னும் வர முடியாது. 2020 ஏப்ரல் 7-ஆம் நாள் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் என்ற இரு கட்டடங்களும் கம்பிவேலி சுற்றி அடைக்கப்பட்டபோது, உள்ளே இருந்தவர்களுக்குச் சோறு வெளியிலிருந்து வந்தது. வேலி போட்டதால் அவர்கள் தேவை ஊருக்குத் தெரிந்தது. வேலியில்லாத சாதாரண அடுக்குமாடிகளிலோ சாத்திய கதவு ஒன்றேதான் எல்லோருக்கும். பிரீசர் நிறைந்த வீட்டின் கதவும், அரிசித் தூக்கு காலியான வீட்டின் கதவும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். அந்த ஆண்டு ஏப்ரல் 24-இல் நோன்பு பிறந்தபோது பள்ளிவாசலும் மூடிக் கிடந்தது. கஞ்சிக்குத் தூக்குவாளியோடு வருகிறவர்களைப் பார்த்தே யார் வீட்டில் என்ன நிலைமை என்று தெரிந்துகொள்கிற வழக்கமும் அதோடு நின்றது.

பார்க்க முடியாத தேவைக்கு நாம் பொறுப்பாளியா? தெரியாதல்லவா என்று ஒரு நண்பர் நம்மிடம் சொன்னார். தெரியாமல் இருப்பதில் இரண்டு வகை உண்டு. தெரிந்துகொள்ள வழியே இல்லாதது ஒன்று. தெரிந்துகொண்டால் கொடுக்க வேண்டி வருமே என்று கேளாமல் இருப்பது மற்றொன்று. நம் கையில் தொலைபேசி இருந்தது. அதில் தொலைதூரத்து உறவினருக்கு நாள்தோறும் சலாம் அனுப்பினோம். மூன்று மாடி மேலே இருப்பவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

தெரியாமை பெட்டிக்குள்ளும் இருந்தது. அக்டோபர் மாதத்தில் பிரீசரை அணைத்துத் துடைத்தபோது அடியில் ஆறு பை கெம்போங் மீன் கிடைத்தது. பூஜ்யத்திற்குக் கீழே 18 டிகிரி செல்சியஸ் குளிரில் கிருமிகள் சாவதில்லை, பெருகாமல் நிற்கின்றன. ஆகவே அந்த மீன் விஷமாகியிருக்காது. ஆனால் இவ்வகை எண்ணெய்ச்சத்துள்ள மீன் இரண்டு மூன்று மாதத்திலேயே சுவை கெடத் தொடங்கும். காற்றுப் பட்ட இடமெல்லாம் ஈரம் வற்றி வெளுத்து, சுள்ளி போலாகியிருந்தது. நம் வீட்டார் ஒரு துண்டைப் பொரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அத்தனையையும் குப்பையில் போட்டோம். மார்ச் 17-இல் யாரோ ஒருவர் வாங்க முடியாமல் போன மீன் அது. இப்போது மூடியின்மேல் ஒரு தாள் ஒட்டி, உள்ளே என்ன, என்றைக்கு வைத்தது என்று எழுதி வருகிறோம்.

பெட்டி நிறைந்திருந்தால்தான் மின்சாரம் மிச்சம், மின்தடை வந்தாலும் தாங்கும் என்று சிலர் சொல்வர். அது சரிதான். திறக்காமல் வைத்தால் நிறைந்த பிரீசர் 48 மணி நேரம்வரை குளிரைக் காக்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். ஆனால் காலி இடத்தில் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கினாலும் அதே பலன் கிடைக்கும். குளிருக்குக் கோழியென்றும் தண்ணீரென்றும் பேதமில்லை.

2021 ஜூன் முதல் நாள் மறுபடியும் முழு அடைப்பு வந்தது. அம்மாத இறுதியில், உதவி வேண்டுவோர் வீட்டு முன் வெள்ளைக் கொடி தொங்கவிடுங்கள் என்ற இயக்கம் நாடெங்கும் பரவிற்று. சிலர் அதை இழிவு என்றனர். சாத்திய கதவைப் பேச வைத்த ஒரு துணி என்றே நமக்குப் பட்டது. நம் கட்டடத்தில் மூன்று மாடி மேலே ஒரு தலையணை உறை தொங்கிற்று. லிஃப்ட்டில் ஒன்பது ஆண்டுகளாக முகம் பார்த்துப் பழகிய பெரியம்மாவின் வீடு. மகனுக்கு உணவகத்தில் வேலை. கடை மூடியதும் அது போயிற்று. பேரன் ஒருவன் கூட இருந்தான்.

அரிசி, பருப்பு, எண்ணெயோடு நம் பிரீசரிலிருந்து இரண்டு கோழியும் எடுத்துக்கொண்டு போய் வாசலில் வைத்துவிட்டு எட்டி நின்றோம். அவர் பையைப் பிரித்துப் பார்த்தார். கோழிகள் கல் போல இருந்தன. ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு மற்றதைத் திரும்ப நீட்டினார்.

"ஒன்று போதும் தம்பி. எங்க ஐஸ்பெட்டி கெட்டுப்போய் நாலு மாசமாச்சு. இதை வைக்க இடமில்லை."

நாம் தயங்கி நிற்பதைப் பார்த்து, "அடுத்த வெள்ளிக்கிழமை கொண்டுவந்து குடுங்க, பேரனுக்குக் குழம்பு வைப்பேன்" என்றார்.

திரும்பி வந்து மூடியின்மேல் இருந்த தாளில் அதை எழுதினோம். அந்த ஒரு வாரமும் அந்தக் கோழி நம் பிரீசரில், அவர் பெயரில் இருந்தது.